நாற்பது கால் தாயத்து

கலஹா இராமையாவுக்குக் குடிப் பழக்கம் இல்லை, சீட்டுப் பழக்கம் இல்லை, அடுத்த வீட்டுச் சண்டையைக் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம்கூட இல்லை. இப்படிப்பட்ட மனிதனுக்கு ஒரு பைத்தியமாவது வேண்டும் என்று கடவுள் நினைத்திருப்பார் போலும். செத்துப்போன டிவி கேம் பெட்டிகளின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருக்கும் ஐசி சில்லுகளைப் பொறுக்கிச் சேர்க்கிற பைத்தியத்தைக் கொடுத்துவிட்டார்.

கண்டி கொழும்பு வீதியில் பளீல் நானாவின் கடையில் அவனுக்கு வேலை. கடையின் முன்பக்கம் ஆறு டிவி. டியூஷனுக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிற பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து சுட்டுத் தள்ளுவார்கள். பின்பக்கம் ஒரு மேசை, ஈயம் பற்றவைக்கிற ஒரு சூடேறிய அயன், இராமையா. ஜப்பானிலிருந்து பழைய சாமான் ஏற்றிவருகிற கண்டெய்னர்களில் உடைந்த கேம் பெட்டிகளும் வரும். பளீல் நானா அவற்றைக் கொழும்பில் சாக்குச் சாக்காக நிறுத்து வாங்கிவருவார். இரண்டு உடைசலிலிருந்து ஒரு உருப்படியைப் பிழைக்கவைப்பது இராமையாவின் தொழில்.

கடையில் விற்கிற கேம் பெட்டிக்குள் இருக்கிற ஐசி கறுப்பாக, கரப்பான்பூச்சி மாதிரி இருக்கும். அதை இராமையா சீந்தமாட்டான். அவனுக்கு வேண்டியது சாம்பிள். ஒரு கேம் பெட்டியைச் சந்தைக்கு விடுமுன் கம்பெனிக்காரன் சோதித்துப் பார்க்க ஐந்தோ பத்தோ ஐசி செய்வானாம். வெள்ளைப் பீங்கான் உடம்பு, நடுவில் பொன்மூடி, முதுகில் 'சாம்பிள், விற்பனைக்கல்ல' என்று இங்கிலீஷில் அச்சு. சோதித்து முடிந்ததும் உடைத்துப் போட்டுவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் உடைக்கச் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிற ஆள் ஜப்பானிலும் இல்லை போலிருக்கிறது. ஏழு வருடத்தில் இராமையாவின் பிஸ்கட் டின்னில் பதினான்கு சேர்ந்திருந்தன.

"இதென்ன திங்கிறதா, உடுக்கிறதா?" என்பார் பளீல் நானா. "ஒனக்கு நல்ல ஒரு டாக்டரக் காட்டத்தான் ஈக்கி."

"நீங்க முத்திரை சேக்கிறீங்க நானா, நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"முத்திரைய கடிதத்தில ஒட்டலாம்டா."

இந்தப் பதினான்கையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிற ஒன்று இராமையாவின் வீட்டு அலுமாரிக்கு மேலே இருந்தது. கூடு இல்லாத ஒரு வெற்றுப் போர்ட். சந்தைக்கே வராத ஏதோ ஒரு கேம் பெட்டியின் முதல் உருப்படி. அதில் இரண்டு சாக்கெட். ஒன்றில் பாட்டுக்கான வெள்ளை ஐசி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. படத்து ஐசி உட்காரவேண்டிய மற்றது காலி, பக்கத்துக்கு இருபது துளையாக நாற்பது துளையும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. போர்ட்டுக்குக் கரண்ட் கொடுத்து டிவியில் மாட்டினால் பாட்டு வரும், படம் வராது. அந்தப் பாட்டு என்றால் அப்படியொரு துள்ளல். எவனோ ஒருவன் எங்கோ ஓடுகிறான், தாவுகிறான், விழுகிறான், மறுபடி எழும்புகிறான் என்று காதுக்குத் தெரிகிறது. கண்ணுக்கு வெறும் நீலத் திரை. இரண்டு வருடமாக இராமையா அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடுகிறவன் யார் என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. அவன் மனைவி பாலம்மாவுக்குப் பாட்டே மனப்பாடமாகி, தேங்காய் துருவும்போது முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள்.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, சாக்கின் அடியில், கறுப்பு ஸ்பொஞ்சில் குத்திவைத்தபடி அந்தப் படத்து ஐசி கிடைத்தது. அதே வெள்ளை உடம்பு, அதே எழுத்து, அதே தொடர் நம்பர், நாற்பது கால். இராமையா அதைச் சட்டைப் பைக்குள் ஒளித்தான். வயிற்றுவலி என்று பளீல் நானாவிடம் ஒரு பொய்யைப் போட்டுவிட்டு மத்தியானமே கிளம்பினான்.

இங்கேதான் ஒரு சங்கடம். புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைப் பக்கம் குண்டு வெடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கண்டியில் சந்திக்குச் சந்தி சோதனை. தமிழன் கையில் ஒரு முழம் வயரும் ஒரு பென்டோர்ச் பட்டரியும் இருந்தாலே, உட்கார வைத்து விசாரிப்பார்கள். தெல்தோட்டையில் ரேடியோ திருத்துகிற ஒருவனை அதற்காக மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். நாற்பது காலும் பொன்மூடியுமாக ஒரு ஐசியை வைத்துக்கொண்டு கலஹா வீட்டுக்குப் போகிற வழியில் கெட்டம்பே சோதனைச்சாவடியைத் தாண்டுவதென்றால் விளையாட்டா?

ஆனால் இராமையாவின் மூளை லேசுப்பட்டதல்ல. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் இறங்கினான். ஐசியைச் சிவப்புத் துணியில் மடித்து, வெற்றிலைக்கு அடியில் அர்ச்சனைத் தட்டில் வைத்தான்.

"யார் பெயருக்கு?" என்றார் ஐயர்.

ஐசிக்கு என்ன நட்சத்திரம் என்று யாருக்குத் தெரியும்? தன் பெயரையும் பூராட நட்சத்திரத்தையும் சொன்னான். அர்ச்சனை முடிந்ததும் அதே துணிக்குள் திருநீறு, குங்குமம், வேப்பிலை இரண்டு போட்டு, கறுப்பு நூலால் சுற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டான். தாயத்து தயார். சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, சாமான் கடத்தின மாதிரியும் ஆச்சு.

கெட்டம்பேயில் வழக்கம்போல பஸ்ஸை நிறுத்தினார்கள். சனமெல்லாம் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்தது. அன்றைக்கு அங்கே நின்றவன் திலகரத்ன என்கிற சிப்பாய். இருபத்திரண்டு வயது இருக்கும், மீசை அப்போதுதான் முளைத்திருந்தது. அட்டையைப் பார்த்தான், இராமையாவின் கழுத்தைப் பார்த்தான், மூட்டையை விரலால் அழுத்தினான். நாற்பது காலும் குத்தின.

"என்ன இது? அவிழ்."

பேச்செல்லாம் சிங்களத்தில்தான், கண்டியில் வேலை செய்கிறவனுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. இராமையா அவிழ்த்தான். திருநீற்றுக்குள்ளிருந்து பொன்மூடி வெயிலில் பளிச்சென்றது.

"தாயத்து மாத்தயா. உங்க ஆளுங்க 'சூரய'ன்னு சொல்லுவாங்களே, அதுதான். எங்க பாட்டன் காலத்துத் தகடு. நாப்பது தேவதைக்கு நாப்பது கால். இதக் கட்டினவனக் குண்டு தேடாது, பாம்பு தீண்டாது."

சும்மா இருந்திருக்கலாம். தாயத்து என்றதோடு வாயை மூடியிருந்தால் சிப்பாய் போ என்றிருப்பான். நுணலும் தன் வாயால் கெடும். குண்டு என்ற சொல்லைக் கேட்டதும் திலகரத்னவின் முகம் மாறிவிட்டது.

"நாளைக்கு என்னை வவுனியாவுக்கு அனுப்புகிறார்கள்," என்றான் மெதுவாக. "இதை எனக்குத் தா."

இராமையாவின் வயிற்றில் உண்மையாகவே வலி வந்தது. "ஐயோ மாத்தயா, இது ரொம்பக் கொடூரமான சாமி. உங்களுக்கு ஒத்துக்காது. செவ்வாய் வெள்ளி கவிச்சி தொடக்கூடாது."

"முகாமில் எந்த நாளும் பருப்புத்தான்."

"கழுத்த விட்டுக் கழட்டவே கூடாது. குளிக்கிறப்பவும்."

"அங்கே குளிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது?"

"பொய் பேசக்கூடாது!" என்றான் இராமையா. அவன் நாக்கு அழுகிப்போகவில்லை என்பது பிள்ளையாரின் பெருந்தன்மை.

"சரி, பேசமாட்டேன்."

இனி ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "ஆபத்துத் தீந்து வீடு திரும்பின உடனே இத மகாவலி கங்கையில, ஓடுற தண்ணியில விட்டுறணும். ஒரு ராத்திரி வீட்டுல வச்சிருந்தாலும் குடும்பத்துக்கே ஆகாது. யோசிச்சுப் பாருங்க."

திலகரத்ன யோசித்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து, நான்கு விதியையும் இலக்கம் போட்டு எழுதினான். எழுதி முடித்து, இராமையாவின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாயத்தைத் தன் கழுத்தில் கட்டினான். துப்பாக்கி வைத்திருக்கிறவனிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க யாரால் முடியும்? அதற்குமேல், அந்தப் பையன் இரண்டு கையாலும் கும்பிட்டான். அதுதான் இராமையாவுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து குந்திவிட்டான். பாலம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவன் எங்க போறான், யாரோட சண்டை போடப் போறான்னு தெரியுமில்ல ஒங்களுக்கு?"

"தெரியும். அதுக்கு நான் என்ன செய்ய? ஐசி என்னோடது. ஐசி திரும்பி வரணும்னா அவன் திரும்பி வரணும்."

திங்கட்கிழமை வெள்ளித்தாள் சுற்றிய ஒரு கறுப்பு ஐசியோடு கெட்டம்பேக்குப் போனான். இது அதைவிட இரண்டு மடங்கு பலம், அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதாகத் திட்டம். திலகரத்ன ஞாயிறு காலையே வடக்கே போய்விட்டிருந்தான். ஆனால் போகிறவன் சும்மா போகவில்லை, சாவடி முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வெள்ளித்தாள் ஐசியை ஒரு கோப்ரல் பிடுங்கிக்கொண்டார். இன்னும் எட்டுப் பேர் சுற்றி நின்றுகொண்டார்கள்.

மறுக்க முடியுமா? பளீல் நானாவின் குப்பைக் கூடையிலிருந்து எட்டு கருகிய ஐசிகள் சிவப்புத் துணிக்குள் போயின. ஒரு வாரத்தில் அந்தச் சாவடியே செத்த டிவி கேம்களைக் கழுத்தில் கட்டிக்கொண்டு காவல் காத்தது. அதன்பிறகு கலஹா பஸ்ஸைக் கண்டால், "குருநான்சே இருக்கிறாரா?" என்று கேட்பார்கள். குருநான்சே என்றால் மந்திரவாதி. இராமையா ஜன்னலால் தலையை நீட்டினால் பஸ் போகலாம். கலஹாக்காரர்கள் அவனுக்கு முன்சீட்டு பிடித்துவைத்தார்கள். அவன் ஏறாவிட்டால் டிரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றார்.

"வாழ்றாண்டா மனிசன்," என்று பளீல் நானா வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் ஹஜ்ஜுக்குப் போய் வந்தும் ஒரு பஸ்காரன் எனக்கு நிக்க இல்ல."

இராமையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பெல்லாம் ரேடியோவில் செய்தி வந்தால் ஊசியைத் திருப்பிவிடுகிறவன், இப்போது வவுனியா என்ற பெயர் காதில் விழுந்தால் சோற்றுக் கையோடு எழுந்து போய் நின்றான். ஐசிக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் முதலில் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தான். இரண்டாவது மாதம், ஐசியும் அந்தப் பையனும் என்று திருத்தினான். அடுத்த சித்திரை வருவதற்குள் வேண்டுதலில் பையன் முன்னுக்கு வந்து ஐசி பின்னுக்குப் போய்விட்டது. இதை அவன் பாலம்மாவிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

பதினெட்டு மாதம் போயிற்று. கெட்டம்பேயில் நின்ற பழைய ஆட்களும் ஒவ்வொருவராக வடக்கே போய், புது ஆட்கள் வந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கலஹா கடைவீதிக்குப் பின்னாலிருக்கும் இராமையாவின் வீட்டைத் தேடி ஒட்ட முடி வெட்டிய ஒரு ஆள் வந்தான். கூடவே வெள்ளைச் சேலையில் ஒரு அம்மா. "ஆர்மிக்காரன்!" என்று யாரோ சொன்னதுதான் தாமதம், பக்கத்து வீடுகளில் படபடவென்று கதவுகள் சாத்திக்கொண்டன. இராமையாவும் சாத்தத்தான் போனான். அதற்குள் முகத்தைக் கண்டுகொண்டான். மீசை நன்றாகத் தடித்திருந்தது.

"அடப்பாவி, வந்துட்டான்!" என்று தமிழிலேயே கத்திவிட்டான். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, நம்பினால் நம்புங்கள்.

அந்த அம்மாவின் பெயர் பொடிமெனிக்கே, குண்டசாலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஒரு பெட்டி 'கொண்டைக் கவும்' பலகாரத்தைப் பாலம்மாவின் கையில் கொடுத்தாள். ஒரு அடுக்கு வெற்றிலையை இராமையாவின் கையில் கொடுத்து, தடுக்கத் தடுக்கக் குனிந்து கும்பிட்டாள். இராமையாவுக்கு உடம்பு கூசிப்போயிற்று. கதிரையை இழுத்துப் போட்டான். அவர்கள் உட்கார்ந்ததும், அவனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"தாயத்து... பத்திரமா இருக்குதா தம்பி?"

"நீங்கள் சொன்னபடியே செய்தோம்," என்றாள் தாய் பெருமையாக. "வந்து இறங்கின அன்றைக்கே, வீட்டு வாசல்கூட மிதிக்காமல், நேரே கெட்டம்பேக்குப் போய்க் கங்கையில் விட்டுவிட்டோம்."

திலகரத்ன கொப்பியை எடுத்து நாலாவது விதியைக் காட்டினான். பக்கத்தில் சரி போட்டிருந்தான்.

 மகாவலியில் அந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று ஒரு கணக்கு இராமையாவின் மனதில் ஓடி நின்றது. பாலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே ஓடினாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"கடித்துக்கொண்டே இருந்தது," என்றான் திலகரத்ன. சட்டைப் பொத்தானைக் கழற்றினான். மார்பில் பொட்டுப் பொட்டாகக் கறுத்த வடு, நேர்கோடாக இரண்டு வரிசை. "தூங்கவிடாது. தூங்காததால்தான் இரண்டு தடவை பிழைத்தேன்."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கத் தலையை நிமிர்த்தினான். அலுமாரிக்கு மேலே இருந்த போர்ட் அவன் கண்ணில் பட்டது.

வெள்ளை உடம்பும் பொன்மூடியுமாக ஒன்று. பக்கத்தில் காலியாக ஒரு சாக்கெட், இரண்டு வரிசை துளை. திலகரத்ன எழுந்து கிட்டப் போனான். அவன் உதடு அசைந்தது, துளைகளை எண்ணினான். கை தன்பாட்டில் மார்புக்குப் போய் வடுவைத் தடவியது. பிறகு மெதுவாகத் திரும்பி இராமையாவைப் பார்த்தான்.

இராமையா போர்ட்டையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தான். வீட்டுக்குள் வயரோடு ஒரு போர்ட், எதிரே ஏமாற்றப்பட்ட ஒரு சிப்பாய். தெல்தோட்டை ரேடியோக்காரனுக்கு மூன்று நாள் என்றால் தனக்கு எத்தனை மாதமோ? பொய் சொல்ல நாக்கு எழும்பவில்லை. தலையை மட்டும் குனிந்தான்.

தாய் இது ஒன்றும் அறியாமல் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னொரு உதவிக்குத்தான் வந்தேன். இவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான், பத்தொன்பது வயது. அவனும் சேர்ந்துவிட்டான். புதன்கிழமை போகிறான். அவனுக்கும் ஒன்று வேண்டும்."

இராமையா அவசரமாக மேசை லாச்சியைத் திறந்தான். கறுப்பு ஐசிகள் கை நிறையக் கிடந்தன.

"கறுப்பு வேண்டாம்," என்றாள் தாய். "கறுப்புக் கட்டினவர்களில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. ஒருவன் எங்கள் பக்கத்துப் பையன். மகனுக்குக் கொடுத்த மாதிரி வெள்ளையே வேண்டும்."

லாச்சியில் இருந்த கையை எடுக்க இராமையாவுக்குத் தோன்றவில்லை. இரண்டு பேர். சாவடியில் தன்னைச் சுற்றி நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதில் எந்த இரண்டு? குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கிக் கொடுத்தானே, அதுவும் சிரித்துக்கொண்டே கொடுத்தானே! பொய்க்கு இப்படியொரு கனம் உண்டென்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

திலகரத்ன அவன் பக்கத்தில் வந்து நின்றான். தாய்க்குக் கேட்காத குரலில் சொன்னான்:

"அம்மாவிடம் சொல்ல வேண்டாம்."

இராமையா அலுமாரியிலிருந்து போர்ட்டை இறக்கினான். சின்ன ஸ்குரூ டிரைவரை ஐசிக்கு அடியில் விட்டு, இந்தப் பக்கம் ஒரு நெம்பு, அந்தப் பக்கம் ஒரு நெம்பு. பிஸ்கட் டின்னில் இன்னும் பதினான்கு வெள்ளை கிடந்தன, மறந்துவிடவில்லை. அதிலொன்றைக் கொடுத்துத் தப்பியிருக்கலாம். ஏனோ அன்றைக்கு, விட மனம் வராததைக் கொடுத்தால்தான் கொடுத்ததாகும் என்று அவனுக்குப் பட்டது. வெள்ளை ஐசி கையில் வந்தது. பாலம்மா கோயில் திருநீறும் சிவப்புத் துணியும் கேட்காமலே கொண்டுவந்து வைத்தாள். கால்கள் வெளியே குத்தாதபடி துணியை இரண்டு மடிப்பு கூட மடித்தான். பிறகு யோசித்து, ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டான். கொஞ்சம் கடிக்கட்டும், தூங்காமல் இருப்பான்.

திலகரத்ன கொப்பியையும் பேனாவையும் எடுத்தான். எல்லாம் தெரிந்த பிறகும் எடுத்தான்.

"பழைய விதிகள்தானே?" என்றான். குரலில் லேசாகக் குறும்பு இருந்தது.

"முதல் மூணும் அதேதான். நாலாவது மாறுது." இராமையா மூட்டையைத் தாயின் இரண்டு கையிலும் வைத்தான். "இதக் கங்கையில போடவே கூடாதும்மா. கட்டிக்கிட்டுப் போற தம்பியே திரும்பி வந்து, இந்த வீட்டுக்குள்ள நின்னு, அவர் கையால என் கையில தரணும். வேற யார் கொண்டாந்தாலும் நான் வாங்க மாட்டேன்."

"ஆர்மி ஆட்கள் தபாலில் அனுப்பினால்?" என்றாள் தாய்.

"வாங்க மாட்டேன்."

தாய் தலையை ஆட்டினாள். திலகரத்ன அதை எழுதினான், எழுதின வரியின் கீழ் ஒரு கோடும் போட்டான். தம்பியின் பெயர் என்ன என்று இராமையா கேட்டான். சேனக என்றார்கள்.

அவர்களைப் பேராதனை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான். சாயங்காலம், வழக்கம்போல, போர்ட்டுக்குக் கரண்ட் கொடுத்தான். படமும் இல்லை, பாட்டும் இல்லை. டிவியில் நீலம் மட்டும் இருந்தது.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த பாலம்மா கையை நிறுத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, பாட்ட காணோம்?"

"வரும்," என்றான் இராமையா. "சேனக கொண்டாருவான்."